சனிக்கிழமை ஹீரோ ஞாயிற்றுக்கிழமை தேறுவாரா? கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரரை எடைபோட ஒரு முழு வழிகாட்டி

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸி ஞாபகத்துக்கு வந்தால் கொஞ்சம் பொறுங்கள். இது ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால். அங்கே சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக். இரண்டுக்கும் நடுவே ஏப்ரலில் டிராஃப்ட், அதாவது என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. 32 அணிகள், 7 சுற்று, ஏறக்குறைய 260 பெயர்கள். அந்தப் பெயர்களில் யார் தேறுவார், யார் மூன்று வருடத்தில் காணாமல் போவார் என்று முன்கூட்டியே சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்களே பாதி நேரம் தடுமாறுகிறார்கள்.

நானும் தடுமாறியவன்தான். 2018 டிராஃப்டுக்கு வந்த வயோமிங் கல்லூரியின் ஜாஷ் ஆலன் கல்லூரியில் எறிந்த பந்துகளில் 56 சதவீதம்தான் சக ஆட்டக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. "இவர் எல்லாம் தேறவே மாட்டார்" என்று ஆபீஸ் நண்பரிடம் பிரியாணி பந்தயம் கட்டினேன். பஃபலோ அணி அவரை 7-வது ஆளாக எடுத்தது. 2020-இல் அதே சதவீதம் 69-ஐத் தாண்டியது. 2024 சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. பிரியாணி எப்போதோ போய்விட்டது. எங்கே கோட்டை விட்டேன் என்று யோசித்து யோசித்து உருவானதுதான் கீழே உள்ள முறை.

இதன் அடிப்படை ஒரே கேள்விதான்: திரையில் தெரியும் திறமையில் எவ்வளவு அந்த ஆட்டக்காரருடையது, எவ்வளவு கல்லூரி மைதானம் அவருக்குக் கொடுத்தது?

படி 1: மைதானம் கொடுக்கும் சலுகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டும் ஒரே ஆட்டம் என்று நினைத்தால் முதல் அடியே சறுக்கும். மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆட்டம் எங்கிருந்து தொடங்கும் என்பதைக் காட்டும் ஹேஷ் மார்க் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் பந்து இடது ஹேஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பக்கம் ஒரு திறந்த வெளி. வேகமான பையன் ஒருவனை அங்கே நிறுத்திப் பந்தைக் கொடுத்தால், தடுக்க வருபவர் ஓடி வந்து சேர்வதற்குள் 15 யார்டு (1 யார்டு 3 அடி) போய்விடும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் நடுவை ஒட்டியே இருப்பதால் அப்படி ஒரு வெளி கிடைப்பதில்லை.

இதில் ஒரு உபரி லாபம் உண்டு. கல்லூரி குவாட்டர்பேக் (பந்தை எறியும் ஆட்டக்காரர்) ஒருவர் இடது ஹேஷிலிருந்து வலது எல்லைக் கோட்டுக்குப் பந்தைத் தொய்வில்லாமல் நேராக எறிந்தால், என்எஃப்எல்லில் கேட்கப்படுவதைவிடக் கடினமான ஒன்றைச் செய்கிறார். அதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். கை பலத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மற்ற வித்தியாசங்கள் சின்னவை, ஆனால் விளைவு பெரிது. பந்தைப் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், என்எஃப்எல்லில் இரண்டு காலும் பட வேண்டும். எறியும் ஆட்டத்தில் முன்வரிசைத் தடுப்பாளர்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஓடுவதா எறிவதா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் 'ஆர்பிஓ' ஆட்டம் கல்லூரியில் அவ்வளவு சுலபமாகப் பலிப்பதற்கு இந்த 2 யார்டு பெரிய காரணம். தடுப்பாளர்கள் முன்னே பாய்வதைப் பார்த்து எதிரணி "ஓட்டம்" என்று நம்பி ஏமாறுகிறது.

அப்புறம் நேரம். கல்லூரி அணிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று விதி. என்எஃப்எல் ஆட்டக்காரருக்கு இதுதான் வேலை. 17 வழக்கமான ஆட்டங்கள், எதிரே நிற்பவர்களில் பலர் 28, 30 வயது ஆண்கள்.

படி 2: சரியான ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஹைலைட்ஸ் வீடியோவை மட்டும் பார்த்து யாரையும் எடைபோடாதீர்கள். அதில் எல்லோருமே நட்சத்திரம்தான்.

ஒரு ஆட்டக்காரருக்கு நான்கு முழு ஆட்டங்கள் பாருங்கள். இரண்டு, அவர் எதிர்கொண்டவற்றிலேயே கடினமான அணிகளோடு. ஒன்று, அவர் அணி தோற்றது. இன்னொன்று, வெளியூர் மைதானத்தில் கூட்டம் காது கிழியக் கத்தியது. செப்டம்பர் முதல் வாரங்களில் பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளை வரவழைத்து 50 புள்ளி வித்தியாசத்தில் அடிக்கும் ஆட்டங்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். எதிரே 11 பேரில் ஒருவர்கூட என்எஃப்எல்லுக்குப் போகாத ஆட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை எதிரே நிற்கும் 11 பேருமே என்எஃப்எல்காரர்கள்.

சின்னக் கல்லூரி ஆட்டக்காரர் என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். எதிரிகள் எல்லாருமே சுமார்தான் என்பதால், அவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேல் என்பது போதாது. அந்த மைதானத்தில் அவர் இருப்பதே அநியாயம் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் ஜெர்ரி ரைஸ் அப்படித்தான் ஆடினார். 1985-இல் 16-வது ஆளாகப் போய், என்எஃப்எல் வரலாற்றிலேயே அதிக யார்டு பிடித்த ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) ஆனார்.

படி 3: குவாட்டர்பேக்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

ஒரு நோட்டை எடுங்கள். மூன்று கட்டம் போடுங்கள். மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) இன்னும் 7 யார்டோ அதற்கு மேலோ தேவைப்படும் தருணங்களை மட்டும் எழுதுங்கள். மற்றத் தருணங்களில் பயிற்சியாளரின் தந்திரம் பாதி வேலையைச் செய்துவிடும். மூன்றாவது டவுனில் எதிரணிக்கும் தெரியும், எறியத்தான் போகிறார் என்று. தந்திரம் தீர்ந்து ஆள் மட்டும் மிஞ்சும் இடம் அது.

முதல் கட்டம்: பந்து கையை விட்டுப் போகும்போது ரிசீவர் தனியாக நின்றாரா, அல்லது இனிமேல்தான் தனியாவாரா? தனியாக நிற்பவரைப் பார்த்து எறிவது ஒரு வித்தை, அவர் வந்து சேரப்போகும் இடத்துக்கு எறிவது வேறு வித்தை. கல்லூரியில் முதலாவதை வைத்தே விருது வாங்கலாம். என்எஃப்எல்லில் இரண்டாவது இல்லாமல் ஒரு சீசன்கூட ஓடாது.

இரண்டாவது: முதலில் பார்த்த ஆளை விட்டுக் கண்ணை நகர்த்தினாரா? ஹெல்மெட் திரும்புவதை டிவியிலேயே பார்க்கலாம். ஒரே திசையை முறைத்துக்கொண்டு நின்றால், என்எஃப்எல்லில் எதிரணியின் பின்வரிசைக்காரர் அந்தக் கண்ணைப் படித்துப் பந்தைப் பறித்துவிடுவார்.

மூன்றாவது: ஆட்கள் மேலே விழ வரும்போது கால் என்ன செய்தது?

இந்த மூன்றாவதை ஒரு காட்சியாகப் பார்க்கலாம். ஸ்நாப் ஆகிறது, அதாவது பந்து பின்னால் குவாட்டர்பேக் கைக்கு வருகிறது. வலது ஓரத்திலிருந்து ஒரு ஆள் வளைந்து வருகிறார். சராசரிக் கல்லூரி குவாட்டர்பேக் உடனே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது பக்கம் வெளியே ஓடுவார். கல்லூரியில் அது பலிக்கும். துரத்துபவரைவிட இவர் வேகம், 12 யார்டு கிடைக்கும், கூட்டம் எழுந்து நிற்கும். தேர்ந்தவர் ஓட மாட்டார். கண் மைதானத்தின் மேலேயே இருக்கும், கால் மட்டும் ஒரு அடி முன்னே வைக்கும். வளைந்து வந்தவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். அந்த ஒரு அடியில் கிடைத்த அரை நொடியில் பந்து போய்விடும். ரீப்ளே போட மாட்டார்கள், யாரும் கைதட்ட மாட்டார்கள். நான் மட்டும் நோட்டில் ஒரு நட்சத்திரம் போடுவேன்.

இதே கட்டங்களை வைத்துப் பழைய ஆட்களைப் பார்த்தால் பல விஷயம் விளங்கும். ஃப்ளோரிடாவின் டிம் டீபோ 2007-இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர். ஆனால் எறிவதற்கு முன் பந்தை இடுப்பு வரை இறக்கிச் சுழற்றி எடுப்பார். கல்லூரியில் அந்தச் சுழற்சிக்கு நேரம் இருந்தது. டென்வரில் 2011 சீசனின் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தை ஓவர்டைமின் முதல் எறிதலிலேயே 80 யார்டு டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எறிந்து ஜெயித்துக் கொடுத்தார், ஊரே கொண்டாடியது. ஆனால் அந்த சீசனில் அவர் எறிந்தவற்றில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. 2012-க்குப் பிறகு ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடவில்லை.

பேட்ரிக் மஹோம்ஸ் விஷயத்தில் பலரும் வேறு மாதிரி ஏமாந்தார்கள். டெக்சாஸ் டெக்கில் அவர் ஆடியது 'ஏர் ரெய்ட்' என்னும், எறிந்துகொண்டே இருக்கும் பாணி. 2016-இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக 734 யார்டு எறிந்தார், அப்படியும் 66-59 என்று அணி தோற்றது. "பாணி எறிந்த யார்டு" என்று எண்களைத் தள்ளுபடி செய்தவர்கள் சரிதான். ஆனால் பாணி போன பிறகும் மிஞ்சுவது என்ன என்று அவர்கள் பார்க்கவில்லை: உடல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், கை எந்தக் கோணத்தில் இருந்தாலும் பந்து போய்ச் சேர்ந்தது. எந்தப் பாணியும் அதைச் சொல்லித் தர முடியாது.

ஆலனிடமும் நான் தவறவிட்டது இதைத்தான். 56 சதவீதத்தைப் பார்த்த நான், வயோமிங்கில் சுற்றிலும் இருந்தவர்களின் தரத்தையோ, அவர் எறிந்தவை எவ்வளவு கடினமான பந்துகள் என்பதையோ பார்க்கவில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: துல்லியம் அவ்வளவு கூடுவது அபூர்வம். "இவரும் ஆலன் மாதிரி மாறிவிடுவார்" என்று நம்பி இன்னொரு பிரியாணியை இழக்காதீர்கள்.

அனுபவத்தையும் எண்ணுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அணி 2021-இல் பல டிராஃப்ட் உரிமைகளை விட்டுக்கொடுத்து 3-வது இடத்துக்கு ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது. நார்த் டக்கோட்டா ஸ்டேட்டில் 2019-இல் 28 டச் டவுன் எறிந்து ஒரு பந்தைக்கூட எதிரியிடம் கொடுக்காதவர். ஆனால் கல்லூரியில் மொத்தமே 17 ஆட்டங்கள்தான் தொடங்கியிருந்தார். அதே அணி அடுத்த வருடம் டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-வதாக, ஐயோவா ஸ்டேட்டின் ப்ராக் பர்டியை எடுத்தது. கல்லூரியில் முதல் வருடத்தின் நடுவிலேயே இடம் பிடித்து நான்கு சீசன் ஆடியவர். லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் 2023 சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஆடியது பர்டி.

படி 4: ரிசீவர்கள்

முதல் 5 யார்டைப் பாருங்கள், அவ்வளவுதான். கல்லூரியில் எதிரணித் தடுப்பாளர்கள் பலர் 7, 8 யார்டு தள்ளி நிற்பார்கள். ரிசீவர் சிரமமில்லாமல் ஓட ஆரம்பிக்கலாம். என்எஃப்எல்லில் மூக்குக்கு மூக்கு நின்று நெஞ்சில் கை வைத்து நிறுத்துவார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டு வெளியே வரத் தெரியாதவருக்கு மற்ற எந்தத் திறமையும் உதவாது.

அடுத்தது, திரும்பும் இடம். வேகமாக ஓடி, வேகம் குறையாமல் திரும்புகிறாரா, அல்லது திரும்புவதற்கு முன் நாலு சின்ன அடி வைத்து எதிரிக்குச் சொல்லிவிட்டுத் திரும்புகிறாரா? 2017-இல் வாஷிங்டனின் ஜான் ராஸ் 40 யார்டை 4.22 நொடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்தார். சின்சினாட்டி 9-வது ஆளாக எடுத்தது. காயங்களும் துரத்தின, முழு வாழ்க்கையிலும் சேர்த்து 1,000 யார்டைத் தொடவில்லை. அதே டிராஃப்டில் ஈஸ்டர்ன் வாஷிங்டனின் கூப்பர் கப் அதே தூரத்தை 4.62 நொடியில் ஓடினார். மூன்றாவது சுற்றில்தான் எடுத்தார்கள். 2021-இல் ஒரே சீசனில் 1,947 யார்டு.

எந்த இடத்தில் நின்று ஆடினார் என்பதை வைத்து மட்டும் தள்ளாதீர்கள். ஜஸ்டின் ஜெஃபர்சன் 2019-இல் எல்எஸ்யூ கல்லூரியில் பெரும்பாலும் உள்பக்க 'ஸ்லாட்' இடத்தில் ஆடியதால் ஓரத்தில் தேறுவாரா என்று சந்தேகப்பட்டார்கள். 22-வது ஆளாகப் போனார். முதல் வருடமே 1,400 யார்டு. எங்கே நின்றாலும் அவருடைய கால் அதே கால்தான்.

படி 5: முன்வரிசை

பந்தை விட்டுக் கண்ணை எடுக்கப் பழகுங்கள். முதலில் கஷ்டமாக இருக்கும்.

தாக்கும் அணியின் ஓரத் தடுப்பாளருக்குக் கை நீளம் முக்கியம். 33, 34 அங்குலம் இருந்தால் நல்லது என்பார்கள். எதிரி உங்கள் நெஞ்சைத் தொடும் முன் நீங்கள் அவர் நெஞ்சைத் தொட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கை சிறியது என்றால் ஆள் வேஸ்ட் என்று அர்த்தமில்லை. ஒரு இடம் உள்ளே தள்ளி கார்டாக ஆடலாம். நோட்டர் டேமில் ஓரத்தில் ஆடிய ஜாக் மார்ட்டினை டல்லஸ் அப்படித்தான் 2014-இல் உள்ளே நகர்த்தியது. தன் தலைமுறையின் மிகச் சிறந்த கார்டுகளில் ஒருவர் ஆனார்.

குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்களிடம் சேக் (எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சேக்கும் எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். யாரும் தடுக்காமல் சும்மா விட்டதா, குவாட்டர்பேக் தானாக வந்து விழுந்ததா, அல்லது கையைத் தட்டி, தோளைச் சாய்த்து, எதிரியைத் தாண்டிப் போனதா? மூன்றாவது மட்டும்தான் என்எஃப்எல்லுக்குக் கூட வரும்.

வெர்னன் கோல்ஸ்டன் 2007-இல் ஒஹையோ ஸ்டேட்டுக்காக 14 சேக் எடுத்தார். டிராஃப்டுக்கு முந்தைய உடல் சோதனையில் 225 பவுண்டு எடையை 37 முறை தூக்கினார். 2008-இல் 6-வது ஆளாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது. என்எஃப்எல்லில் அவர் எடுத்த சேக்: பூஜ்ஜியம். மறுபக்கம் டெரல் சக்ஸ், 2002-இல் அரிசோனா ஸ்டேட்டில் ஒரே சீசனில் 24 சேக். ஓட்டம் மெதுவாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார்கள். என்எஃப்எல்லில் 139 சேக். அவரிடம் இருந்தது கை வித்தை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இவர்கள் இருவரை வைத்தே பாடம் நடத்தலாம்.

படி 6: மற்ற இடங்கள், சுருக்கமாக

ரன்னிங் பேக்கில் (பந்தோடு ஓடுபவர்), முதல் எதிரி தொடும் இடத்திலிருந்து எண்ணுங்கள். அதற்கு முன் கிடைத்த யார்டெல்லாம் முன்வரிசை கொடுத்தது. அலபாமாவின் ட்ரென்ட் ரிச்சர்ட்சன் 2012-இல் 3-வது ஆள். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 3.3 யார்டுதான். அதே அலபாமாவின் டெரிக் ஹென்றி 2016-இல் 45-வது ஆள். 2020-இல் 2,027 யார்டு. ஒரே கல்லூரி, அதே வலுவான முன்வரிசைப் பாரம்பரியம். அதனால் கல்லூரியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் வேலையே வேண்டாம்.

கார்னர்பேக்கில் (ரிசீவரை ஒட்டி ஓடித் தடுப்பவர்) ஒரே எச்சரிக்கை. கல்லூரியில் பந்து காற்றில் ஏறும் வரை ரிசீவரை வழியில் முட்டித் தள்ளலாம். என்எஃப்எல்லில் 5 யார்டுக்கு மேல் தொட்டால் தவறு என்று நடுவரின் கொடி விழும். அதனால் 15 யார்டில் கை வைத்துக்கொண்டே ஓடுபவரைப் பார்த்தால், அந்தக் கையை மனதால் எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஒட்டி ஓடுகிறாரா?

படி 7: கம்பைன் எண்களைக் கடைசியில் பாருங்கள்

டிராஃப்டுக்கு முன் இண்டியானாபோலிஸில் கம்பைன் என்று ஒரு பெரிய உடல் சோதனை நடக்கும். ஓட்டம், தாண்டல், எடை தூக்கல், கை நீளம், உள்ளங்கை அளவு. பலரும் இதை முதலில் பார்த்துவிட்டு வீடியோவைப் பார்க்கிறார்கள், அதனால் வீடியோவிலும் அந்த எண்ணே தெரிகிறது. வரிசையை மாற்றுங்கள். நோட்டை முடித்த பிறகு எண்களைத் திறந்து, இரண்டும் முரண்படும் இடத்துக்கு மட்டும் மறுபடி போங்கள்.

2018-இல் ஓக்லஹோமாவின் ஓரத் தடுப்பாளர் ஓர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 40 யார்டை ஓட 5.85 நொடி எடுத்தார், எடையை 14 முறைதான் தூக்கினார். சிரித்தார்கள். மூன்றாவது சுற்றுக்குச் சரிந்தார். ஆனால் அவ்வளவு பெரிய ஆளைச் சுற்றிக்கொண்டு குவாட்டர்பேக்கிடம் போவதற்கு எதிரிக்கு ஆகும் நேரத்தை எந்த ஸ்டாப்வாட்ச்சும் அளக்கவில்லை. அடுத்த வருடமே நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வு.

என்னைக் கேட்டால் கம்பைனைவிட, அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில், கல்லூரியை முடிக்கும் ஆட்டக்காரர்களுக்காக நடக்கும் சீனியர் பவுல் பயிற்சி வாரம் பத்து மடங்கு மேல். ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. 2014-இல் ஆரன் டொனால்ட் அங்கே எதிரே வந்தவர்களையெல்லாம் தூக்கிப் போட்டார். அப்படியும் 6 அடி 1 அங்குலம் குள்ளம் என்று 12 பெயர்கள் அவருக்கு முன்னால் போயின. மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார்.

படி 8: எந்த அணிக்குப் போகிறார்?

டிராஃப்ட் இரவு உங்கள் நோட்டில் பாதி மாறலாம். 2016-இன் முதல் ஆள் ஜாரெட் காஃப், முதல் வருடம் தொடங்கிய 7 ஆட்டங்களும் தோல்வி. "போச்சு" என்றார்கள். 2017-இல் ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார். 2018 சீசனில் அதே காஃப் சூப்பர் பவுலில். மஹோம்ஸ் முதல் வருடம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார், அடுத்த வருடம் 50 டச் டவுன்.

ஆகவே மூன்று கேள்வி. அவர் ஏற்கெனவே நன்றாகச் செய்வதை இந்த அணி செய்யச் சொல்லுமா? கற்றுக்கொள்ள ஒரு வருடம் கொடுக்குமா? தேவைப்பட்டால் இடத்தை மாற்றிப் பார்க்குமா? கடைசிக் கேள்விக்கு ஜூலியன் எடல்மன்தான் உதாரணம். கென்ட் ஸ்டேட்டில் குவாட்டர்பேக், 2009-இல் 232-வது ஆள். நியூ இங்கிலாந்து அவரை ரிசீவர் ஆக்கியது. காஃப் ஆடிய அதே சூப்பர் பவுலில் எதிரணியில் ஆட்ட நாயகன் விருது வாங்கியவர் இந்த எடல்மன்.

சரி, எல்லாம் எழுதியாயிற்று. இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே வரியில் உங்கள் கணிப்பை எழுதுங்கள், தேதி போடுங்கள், டிராஃப்டுக்கு முந்தின இரவே நோட்டை மூடுங்கள். அப்புறம் திருத்தக் கூடாது. மூன்று சீசன் கழித்துத் திறந்து பாருங்கள். என் 2018 நோட்டில் ஆலனின் பெயருக்குப் பக்கத்தில் 'கை இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை' என்று இன்றும் இருக்கிறது. அதற்குக் கீழே, வேறு மையில், வேறு கையெழுத்தில், நண்பர் எழுதிய கடையின் பெயரும் பிரியாணி விலையும்.